64 தொண்டு அமைப்புகளின் செயல்தரத்தை அளக்க ஒரு பேஸ்லைன் சர்வே: திட்டமிட உதவுங்கள்

டெல்டா_ஒருங்கிணைப்பு:

வணக்கம் நண்பர்களே. டெல்டா மாவட்டம் ஒன்றில் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். உறுப்பு அமைப்புகள் 64. ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாயில் மாலை வகுப்பு நடத்தும் அமைப்பும் எங்களிடம் உண்டு. இரண்டு கோடிக்கு மேல் செலவு செய்யும் அமைப்பும் உண்டு.

எல்லா அமைப்புகளின் செயல்தரத்தையும் உயர்த்த இரண்டு ஆண்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கப்போகிறோம். நிர்வாகக் குழு, கணக்கு, ஊழியர் நலன், குழந்தைகள் பாதுகாப்பு, மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆகிய ஐந்தும் அதில் வரும். இன்று எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் பயிற்சி கொடுத்தால், இரண்டு ஆண்டு கழித்து என்ன மாறியது என்று எங்களால் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் பேஸ்லைன் சர்வே.

என் கையில் இருக்கும் வரைவு இதுதான். 120 கேள்விகள், எல்லாம் ஆம் / இல்லை. கூகுள் படிவத்தில் அனுப்பிவிடலாம். மார்ச் மாதத்தில் மூன்று வாரம் நேரம் கொடுக்கலாம். நூற்றுக்கு மதிப்பெண் போட்டு ஏ, பி, சி என்று பிரிக்கலாம். இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் வரைவைப் பார்த்து மனம்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறைதான் முதல்முறையாக அளக்க முடியும், அதைத் தவறவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

---

ஆய்வுப்பாதை:

நல்ல முயற்சி தோழர். ஆனால் ஆம் / இல்லை கேள்விகளை விட்டுவிடுங்கள். நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு சர்வேயில் வேலை செய்தேன். "உங்களிடம் குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டோம். பெரும்பாலும் எல்லோரும் "ஆம்" என்றார்கள். ஓர் அமைப்புக்கு நேரில் போய்க் கோப்பைக் கேட்டேன். கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் வேறோர் அமைப்பின் பெயர் அப்படியே இருந்தது. யாரிடமோ வாங்கி முதல் பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கோப்பு இருந்தது, நாங்கள் கேட்டதும் அதைத்தான்.

அதனால் ஒவ்வொரு விஷயத்துக்கும் படிநிலைகள் எழுதுங்கள். மக்களின் புகாரைக் கேட்பதை எடுத்துக்கொள்வோம். புகார் சொல்ல வழியே இல்லை என்றால் 0. செயலாளரிடம் நேரில் வந்து சொல்லலாம், ஆனால் எங்கும் பதிவாகாது என்றால் 1. ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்கள் என்றால் 2. எழுதுவதோடு, எந்தத் தேதியில் என்ன பதில் சொன்னோம் என்பதும் இருக்கிறது என்றால் 3. அந்தப் புகார்களை நிர்வாகக் குழு உட்கார்ந்து பார்த்து ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறது, தீர்மானப் புத்தகத்தில் அது தெரிகிறது என்றால் 4. இப்படி எழுதினால் பதில் சொல்பவருக்கு அடுத்த படி எது என்பதும் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

120 கேள்வி வேண்டாம். ஐந்து தலைப்புக்கு ஐந்து ஐந்தாக 25 போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் "கடைசியாக எப்போது நடந்தது? காட்ட முடியுமா?" என்ற கேள்வி இருக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு ஆண்டு பயிற்சி முடிந்து மறுபடி கேட்கும்போது, தங்களுக்குத் தாங்களே போடும் மதிப்பெண் பல இடங்களில் குறையும். பயிற்சிக்கு முன்னால் "எங்கள் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்று 4 போட்டவர், நல்ல கணக்கு என்றால் என்னவென்று கற்றபின் 2 போடுவார். வளர்ந்திருப்பார், ஆனால் எண் இறங்கியிருக்கும். சுயமதிப்பீட்டை மட்டும் நம்பினால் உங்கள் திட்டம் தோற்றதாகத்தான் அறிக்கை வரும். அதனால் சுயமதிப்பீடு ஒரு பத்தியில், நேரில் பார்த்து வைத்த மதிப்பீடு பக்கத்துப் பத்தியில் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

நான் தொண்டு அமைப்புகளுக்குத் தணிக்கை செய்பவன். மார்ச் மாதம் வேண்டவே வேண்டாம். 31-ஆம் தேதி நிதியாண்டு முடிகிறது. புராஜெக்ட் பணத்தைச் செலவு செய்து முடிக்க எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். செப்டம்பர் 30-க்குள் வருமான வரிக்கான தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31-க்குள் வருமான வரிப் படிவம், வெளிநாட்டு நிதி வாங்குபவர்களுக்கு டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 ஆண்டுக் கணக்கு அறிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் பக்கம் மழை வேறு. பொங்கல் முடிந்து தொடங்கி பிப்ரவரிக்குள் முடிப்பதுதான் சரி. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அளக்கும்போதும் அதே மாதங்களில் போங்கள்.

இன்னொரு விஷயம். சட்டப்படி செய்தே ஆக வேண்டியதையும் தரத்தையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளைப் புதுப்பித்திருக்கிறார்களா, மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறார்களா, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்கிறதா என்பதெல்லாம் சட்டம். இதில் படிநிலை கிடையாது. உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். இதைத் தனித் தாளில் வையுங்கள். எல்லாத் தாக்கலும் சரியாக இருந்து, கிராமத்தில் ஒரு வேலையும் நடக்காத அமைப்பையும் பார்த்திருக்கிறேன். தாக்கல் இரண்டு ஆண்டு பாக்கி வைத்துவிட்டு, புயலன்று ராத்திரி முழுக்க முகாமில் நின்ற அமைப்பையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கூட்டி ஒரே எண் போட்டால் யாரைப் பற்றியும் உண்மை சொன்னதாகாது.

அமைப்பின் சட்ட வடிவத்தையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமா, டிரஸ்ட்டா, கம்பெனிச் சட்டம் பிரிவு 8-இல் வருவதா? சங்கம் என்றால் குறைந்தது ஏழு உறுப்பினர், பொதுக்குழு எல்லாம் வேண்டும். குடும்பத்தில் மூன்று பேரை வைத்து நடக்கும் டிரஸ்ட்டிடம் பொதுக்குழு பற்றிக் கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரியாது.

---

வேப்பமரத்தடி:

அண்ணா, நான் சின்ன அமைப்பு நடத்துபவள். ஊழியர் நான்கு பேர். உங்கள் 64-இல் நான் இல்லை, பக்கத்து மாவட்டம். ஆனால் இருந்திருந்தால் இந்தக் கூகுள் படிவம் வந்ததும் எனக்கு வரும் முதல் கேள்வி: இதை யார் பார்ப்பார்கள்?

ஏ, பி, சி என்று போட்டு சி வாங்கியவர்கள் பட்டியல் நிதி கொடுப்பவர் கைக்குப் போனால் எங்களுக்கு அடுத்த ஆண்டு புராஜெக்ட் கிடையாது. அப்படித் தெரிந்தால் யாரும் 0 என்று எழுத மாட்டோம். எல்லோரும் 4 என்றுதான் எழுதுவோம். உங்களுக்குப் பேஸ்லைனும் கிடைக்காது, எங்களுக்குப் பயிற்சியும் கிடைக்காது.

இன்னொன்றையும் தயவுசெய்து பதிவு செய்யுங்கள். எங்களிடம் கணக்காளர் இல்லை. மாதம் இரண்டு நாள் ஒரு தம்பி வந்து வவுச்சர் எழுதிவிட்டுப் போகிறார். முன்பு ஒரு பெரிய அமைப்பு வாங்கும் வெளிநாட்டு நிதியில் ஒரு பங்கு எங்களைப் போன்றவர்களுக்கு வரும். 2020-இல் வெளிநாட்டு நிதி பற்றிய எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தியபோது அப்படிப் பகிர்ந்து கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. இப்போது எங்களுக்கு வருவதெல்லாம் நோட்டுப் புத்தகம், சீருடை, மதிய உணவு என்று பொருளுக்கான பணம்தான். கணக்காளர் சம்பளத்துக்கு யாரும் தருவதில்லை. "கணக்கு முறை பலவீனம்" என்று எழுதும்போது, அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு பணம் கிடைத்தது என்பதையும் பக்கத்தில் எழுதினால்தான் நியாயம்.

அப்புறம் கேள்வித்தாள் தமிழில் இருக்குமா?

---

டெல்டா_ஒருங்கிணைப்பு:

அக்கா, நீங்கள் கேட்டது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சர்வே செலவில் பாதியைத் தருவதாகச் சொன்ன நிதி நிறுவனம் ஒன்று, அமைப்பு வாரியாக மதிப்பெண் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேள்வித்தாள் இப்போது ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் புதிதாகவே எழுதிவிடுகிறேன்.

---

ஆய்வுப்பாதை:

அந்த நிதி நிறுவனத்திடம் "தர முடியாது" என்று சொல்லிவிடுங்கள் தோழர். 64 அமைப்புகளும் சேர்ந்த படத்தைக் கொடுக்கலாம். "கூட்டமைப்பில் இத்தனை பேரிடம் புகார் பதிவு இல்லை" என்று சொன்னால் பயிற்சிக்கு நிதி ஒதுக்க அவர்களுக்கு அது போதும். அமைப்பின் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் வையுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் தாள் ஒன்றே ஒன்று, கூட்டமைப்பின் தலைவர் பீரோவில். ஒவ்வோர் அமைப்புக்கும் அதன் முடிவை மட்டும் தனியாகக் கொடுங்கள். இதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கக் கடிதமாக எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை ரகசியம் என்று மூடி வைக்க முடியாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

மாதிரி எடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 64-இல் மாதிரி எடுப்பதில் அர்த்தமில்லை, எல்லோரிடமும் போங்கள். 50 பேர் பதில் சொல்லி 14 பேர் சொல்லவில்லை என்றால், அந்த 14-ஐ விட்டுவிட்டுச் சராசரி போடாதீர்கள். பெரும்பாலும் ஆள்பலம் இல்லாதவர்கள்தான் பதில் சொல்லாமல் இருப்பார்கள், அவர்களுக்குத்தான் உங்கள் பயிற்சி முதலில் போக வேண்டும்.

---

நாகை_களப்பணி:

இதுவரை எல்லோரும் அமைப்புகளைப் பற்றியே பேசுகிறோம். நான் மக்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நின்றவன் நான். தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம், ஆறாயிரம் பேருக்கு மேல். அடுத்த சில வாரங்களில் எங்கெங்கிருந்தோ அமைப்புகள் வந்து இறங்கின. எல்லோருக்கும் நல்ல மனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே குப்பத்துக்கு மூன்று அமைப்பு பாத்திரம் கொடுத்துக்கொண்டிருக்க, உள்ளே தள்ளி இருந்த தலித் குடியிருப்புக்கு யாரும் போகவில்லை. பழைய துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. மீனவப் பெண்கள் அதைத் தொட மறுத்தார்கள். கட்டியதெல்லாம் போய்விட்டது, மானம் போகவில்லையே என்று ஒரு பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நேரத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து அமைப்புகளை ஒருங்கிணைக்க என்.சி.ஆர்.சி. என்ற மையம் நாகையில் உருவானது. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருப்பதன் அருமை அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பேரிடர் உதவிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டையும் நான் முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. கையில் அளவு நாடா இருந்தது. தார்த் தகட்டுக் கொட்டகை ஒன்றில் அளந்து பார்த்தோம். இடம் ஏறக்குறைய சரியாக இருந்தது. ஆனால் பகல் பதினோரு மணிக்கு மேல் உள்ளே ஒரு மனிதர் உட்கார முடியவில்லை, அவ்வளவு சூடு. அளவு நாடாவில் அது வரவில்லை. அங்கே படுத்திருந்த பிள்ளைத்தாய்ச்சியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது.

அதனால் உங்கள் சர்வேயில் மக்களிடம் கேட்பதும் இருக்கட்டும். நீங்கள் சொல்லும் ஐந்து தலைப்பில் நிர்வாகக் குழு முதலிலும் மக்கள் கடைசியிலும் இருக்கிறார்கள். உதவி அமைப்புகளுக்காக 2014-இல் வந்து 2024-இல் திருத்திய அடிப்படை மனிதநேயத் தரநிலையை (Core Humanitarian Standard) பாருங்கள். அதன் ஒன்பது உறுதிமொழிகளும் மக்களுக்குக் கொடுக்கும் வாக்குகள்தான். தலைப்புகளின் வரிசையை மாற்றினாலே கேள்விகள் மாறும்.

---

மட்டு_வாவி:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். அதே நாள் அதே கடல் எங்களையும் அடித்தது. நாகை ஐயா எழுதியதை வாசித்தபோது நான் கண்ட முகாம்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஒரு விசயம் மட்டும் சொல்கிறேன். மக்களிடம் கேட்கப் போகும்போது, யாரிடம் கேட்பது என்பதை அந்த நிறுவனமே தெரிவு செய்ய விடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் அப்படி விட்டால் எப்போதும் கூட்டத்துக்கு வருகிற அதே நாலைந்து அக்காமார்தான் வந்து இருப்பார்கள். எல்லாம் நல்லது என்றுதான் சொல்வார்கள். நாங்கள் பிறகு உதவி பெற்றவர்களின் முழுப் பட்டியலையும் வாங்கி, சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்து, வீடு வீடாகப் போய்க் கதைத்தோம். பட்டியலில் இல்லாத இரண்டு வீடுகளிலும் கதைத்தோம், "ஏன் உங்களுக்குக் கிடைக்கவில்லை?" என்று. அந்த இரண்டு வீடுகளில்தான் கூடக் கற்றோம்.

கேட்கப் போகிறவர் அந்த நிறுவனத்தின் ஆளாக இருக்கக்கூடாது. பெண்களிடம் பெண்கள் போகட்டும்.

---

ஆய்வுப்பாதை:

மட்டு_வாவி சொன்ன முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஓர் அமைப்புக்கு 10 வீடு என்றால் மொத்தம் 640 வீடு. ஓர் அமைப்பைத் தனியாக எடுத்துத் தீர்ப்புச் சொல்ல 10 வீடு போதாது, அதற்குப் பயன்படுத்தவும் கூடாது. கூட்டமைப்பு முழுவதையும் பற்றிச் சொல்ல 640 தாராளம். கேள்வி ஐந்துக்கு மேல் வேண்டாம். நிற்கவைத்துக் கேட்கும் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்ல மாட்டார்கள். உங்கள் வரைவில் இருக்கும் நூற்றுக்கு மொத்த மதிப்பெண்ணும் வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி. ஆனால் மொத்த மதிப்பெண்ணே வேண்டாம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எண் இல்லையென்றால் நிர்வாகக் குழுவில் யாரும் அசைய மாட்டார்கள். 25 பக்க அறிக்கையை எந்தத் தலைவர் படிக்கிறார்? "நூற்றுக்கு 42" என்றால் அன்றைக்கே கூட்டம் போடுவார்.

---

ஆய்வுப்பாதை:

ஐயா, அசைவார்கள் என்பது உண்மை. எந்தப் பக்கம் அசைவார்கள் என்பதுதான் என் கவலை. 42-ஐ 60 ஆக்க எளிய வழி நான்கு கொள்கைக் கோப்புகளை எங்கிருந்தாவது வாங்கி வைப்பது. குழந்தைகள் பாதுகாப்பில் 0 வாங்கி, கணக்கில் 4 வாங்கினால் சராசரி 2. அந்த 2 ஒரு பெரிய ஓட்டையை மறைத்துவிடும். தலைப்பு வாரியாக ஐந்து எண் கொடுப்போம். கூட்ட வேண்டாம். குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்பில் பாதுகாப்பில் 2-க்குக் கீழே இருந்தால் அதை மட்டும் சிவப்பில் காட்டுவோம்.

---

கணக்குப்பிள்ளை:

ஐந்து எண் ஒரே பக்கத்தில் என்றால் ஒப்புக்கொள்கிறேன். சிவப்பும் சரி. கூடவே ஒரு கருத்து: இந்தியாவில் தொண்டு அமைப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கிரெடிபிலிட்டி அலையன்ஸ் வகுத்த நெறிகளில் குறைந்தபட்சம், விரும்பத்தக்கது என்று இரண்டு அடுக்கு உண்டு. உங்கள் படிநிலை 2-ஐக் குறைந்தபட்சத்துக்கும் 4-ஐ விரும்பத்தக்கதற்கும் பொருத்தினால் பின்னால் அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு இரட்டை வேலை இருக்காது.

---

டெல்டா_ஒருங்கிணைப்பு:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சும்மா இருக்கவில்லை.

முதலில் நிதி நிறுவனம். அமைப்பு வாரியாகத் தர மாட்டோம் என்று எழுதினேன். இரண்டு முறை பேசினார்கள், கடைசியில் தொகுத்த முடிவே போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தின் நகலை 64 அமைப்புகளுக்கும் அனுப்பிவிட்டேன். அதுவரை பதிலே போடாத பதினோரு பேர் அந்த வாரமே தொலைபேசியில் பேசினார்கள்.

25 கேள்விகளைத் தமிழில் எழுதி நான்கு அமைப்புகளில் முன்னோட்டம் பார்த்தோம். அந்த நான்கும் எங்கள் கூட்டமைப்பில் இல்லாதவை. பல கேள்விகள் அங்கேயே உடைந்தன. "ஊழியர்களுக்கு நியமனக் கடிதம் உண்டா?" என்று கேட்டோம், எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மாலை வகுப்பு எடுக்கும் பெண்களை அவர்கள் ஊழியர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "தன்னார்வலர்" என்றார்கள். நான்கு ஆண்டாக மாதாமாதம் மதிப்பூதியம் வாங்குகிறார்கள், கடிதம் கிடையாது. அந்தக் கேள்வியை "பணம் வாங்கி உங்களுக்காக வேலை செய்யும் எல்லோரையும் பெயர் சொல்லுங்கள்" என்று தொடங்கும்படி மாற்றினோம்.

அப்புறம், நிர்வாகக் குழுக் கூட்டம் பற்றிய கேள்வி. ஓரிடத்தில் தீர்மானப் புத்தகம் சுத்தமாக இருந்தது. எல்லாக் கூட்டமும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில். எங்களோடு வந்த சக அமைப்புத் தோழர் எதுவும் கேட்கவில்லை. "எங்கள் புத்தகமும் இரண்டு ஆண்டு முன்பு வரை இப்படித்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னார். அந்தச் செயலாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 3 என்று போட்டதை அவரே அடித்து 1 என்று எழுதினார். வெளியிலிருந்து ஆய்வாளர்களை அழைக்காமல் சக அமைப்புகளிலிருந்தே ஆட்களை எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இருவர் கொண்ட நான்கு குழு. ஒரு குழுவுக்கு 16 அமைப்பு, ஓர் அமைப்புக்கு ஒன்றரை நாள், ஆக 24 வேலை நாள். தங்கள் ஒன்றியத்தில் இருக்கும் அமைப்புக்கு யாரும் போகக் கூடாது. பொங்கலுக்குப் பின் தொடங்குகிறோம். ஜனவரி 26 கிராம சபைக்காக இரண்டு நாள் விட்டிருக்கிறோம். வீடுகளுக்குப் போக எட்டுப் பெண்கள், அவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி, நாள் கூலியும் பஸ் கட்டணமும் தனியாக ஒதுக்கியாயிற்று. கணக்காளருக்கு ஆண்டுக்கு எவ்வளவு பணம் கிடைக்கிறது என்ற கேள்வி இப்போது கணக்குத் தலைப்பில் முதல் கேள்வி. அக்காவுக்கு நன்றி.

---

நாகை_களப்பணி:

தலைப்புகளின் வரிசை?

---

டெல்டா_ஒருங்கிணைப்பு:

மாற்றிவிட்டோம் ஐயா. மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு முதலில், குழந்தைகள் பாதுகாப்பு இரண்டாவது. நிர்வாகக் குழு ஐந்தாவது.

---

வேப்பமரத்தடி:

அண்ணா, தேதி சரிதான், ஆனால் நேரத்தைப் பாருங்கள். தை கடைசியிலும் மாசியிலும் சம்பா அறுவடை. எங்கள் பக்கப் பெண்கள் விடியும் முன்பே வயலுக்குப் போய்விடுவார்கள். பகலில் வீட்டுக்குப் போனால் வயசானவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டால், கூலி வேலைக்குப் போகாதவர்கள் பதில் மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். சீட்டுக் குலுக்கியதே வீணாகிவிடும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் போகச் சொல்லுங்கள். அந்த எட்டுப் பெண்களும் இருட்டில் திரும்ப வேண்டியிருக்கும். பஸ் கட்டணம் போதாது, ஊரிலேயே தங்க ஒரு வீடு பேசி வையுங்கள், அல்லது ஆட்டோவுக்குப் பணம் ஒதுக்குங்கள். இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள்.

ஒரு குழுவில் எனக்கும் இடம் இருந்தால் சொல்லுங்கள். பக்கத்து மாவட்டம்தானே, உங்கள் ஆட்கள் யாரையும் எனக்குத் தெரியாது. முன்னோட்டம் முடிந்த கேள்வித்தாளின் நகல் ஒன்றும் வேண்டும். எங்கள் நான்கு பேரையும் உட்காரவைத்து அதை முதலில் எங்களுக்கே போட்டுப் பார்க்கிறேன்.